தொடர்பு நேரம்: காலை எட்டு முதல் ஒன்று வரை

வகுப்பு எட்டு மணிக்கு. எட்டேகால் ஆகியும் தேன்மொழி பாடத்தைத் தொடங்காமல் மடிக்கணினித் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் ஆண்டு மல்லிகை வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகள். திரையில் இருந்தவை ஒன்பது வட்டங்கள். அந்த ஒன்பதிலும் இரண்டு, கைப்பேசியைத் திறந்து வைத்துவிட்டு மறுபடியும் படுக்கைக்குப் போனவர்களுடையவை. இன்னொன்றிலிருந்து யாரோ முட்டை பொரிக்கும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

"டீச்சர், இன்னிக்கும் நாங்க மட்டும்தானா?" என்று ஒரு பிள்ளை கேட்டது.

"வருவாங்கம்மா. அஞ்சு நிமிஷம் பாப்போம்."

அஞ்சு நிமிஷத்தில் ஒருவரும் வரவில்லை. முட்டை பொரித்த வீட்டில் தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. அவள் ஏழாம் வாய்ப்பாட்டைத் தொடங்கினாள்.

இரண்டாயிரத்து இருபத்தொன்று ஜூலை மாதம். கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டில் பள்ளிகள் மூடிக் கிடந்தன, மலேசியாவின் தெற்குக் கோடியில் இருந்த பாசிர் கூடாங் தொழிற்சாலைகள் மூடவில்லை. பிள்ளைகள் வீட்டில், பெற்றோர் வேலையில், ஆசிரியர்கள் திரையில் என்று ஊர் மூன்றாகப் பிரிந்து கிடந்தது. இந்த மூன்றையும் இணைக்க வகுப்பின் இணையப் பக்கத்தில் பள்ளி ஒரு சின்னக் கட்டம் போட்டிருந்தது. 'ஆசிரியரைத் தொடர்புகொள்ள: பள்ளி அலுவலகத் தொலைபேசி, பள்ளி மின்னஞ்சல். நேரம்: காலை எட்டு முதல் ஒன்று வரை. ஆசிரியர்களின் சொந்தக் கைத்தொலைபேசி எண்களைப் பகிரக் கூடாது.' கடைசி வரி சிவப்பில் இருந்தது.

அலுவலகத்துக்குக் குமாஸ்தா அர்ச்சுனன் செவ்வாயும் வியாழனும்தான் வருவார். மற்ற நாட்களில் அந்தத் தொலைபேசி பூட்டிய அறைக்குள் தன்பாட்டுக்கு அடித்து ஓயும்.

வராத இருபத்திரண்டு பேரின் வீடுகளையும் தேன்மொழி அழைத்துப் பார்த்திருந்தாள். பள்ளிப் பதிவேட்டில் இருந்தவை, பிள்ளைகள் முதலாம் ஆண்டில் சேர்ந்த அன்று கொடுத்த எண்கள். முன்பணம் கட்டும் சிம் கார்டு. எந்தக் கம்பெனி இனாமாக டேட்டா கொடுக்கிறதோ அந்தக் கம்பெனிக்குச் சனங்கள் தாவிவிடுவார்கள். பதினான்கு எண்கள் பயன்பாட்டில் இல்லை. ஓர் எண்ணை ஒரு பங்களாதேஷ் தொழிலாளி எடுத்து, தனக்குப் பிள்ளையே இல்லை என்று மலாயில் மிகவும் பணிவாக மன்னிப்புக் கேட்டான்.

அவளும் ஒன்றும் நிரந்தர ஆசிரியை அல்ல. கல்லூரி முடித்து நான்கு வருஷம் ஒரு பேரங்காடியின் படிக்கட்டுக்குக் கீழே கைப்பேசி உறை விற்றுக்கொண்டிருந்தவளுக்கு, பிப்ரவரியில்தான் இந்த ஒப்பந்த வேலை கிடைத்தது. செப்டம்பர் முப்பதோடு முடியும். பள்ளி பரிந்துரைத்தால் அடுத்த ஆண்டுக்கு நீட்டுவார்கள். நீட்டினால் நிரந்தர வேலைக்கான நேர்காணலில் பேச வாய் இருக்கும். கணவன் சுகுமாறன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை செய்தான். எல்லைப் பாலத்தை மூடிப் பதினாறு மாதமாகிவிட்டது. தினமும் போனில் அவன் கேட்கும் முதல் கேள்வியே, "கான்ட்ராக்ட் என்னாச்சு?" என்பதுதான்.

வராத இருபத்திரண்டு பேரில் கேஷ்வினி அவளை உறுத்தினாள். கணக்கில் கெட்டிக்காரி. மூன்று வாரமாக ஆளே இல்லை. ஒரு மாலை தேன்மொழி சாமான் வாங்கக் கிளம்பிய கையோடு, பதிவேட்டில் இருந்த முகவரிக்கு மோட்டாரைத் திருப்பினாள். அது மலிவு விலை அடுக்குமாடி, நான்கு கட்டடங்கள். அவளுடைய வகுப்பில் பாதிப் பேர் அங்கேதான் இருந்தார்கள். கேஷ்வினி வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு ராசம்மா முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு, "புள்ள என் வூட்லதான் இருக்கு. அம்மாக்காரி பஸ்ஸு ஏழரைக்கு வரும். கீழ நின்னீங்கன்னா புடிச்சுக்கலாம்" என்றாள்.

தொழிற்சாலைப் பேருந்து ஏழு நாற்பதுக்கு வந்தது. உணவு அடைக்கும் பிளாஸ்டிக் பெட்டி செய்யும் தொழிற்சாலையின் நீலச் சட்டையோடு பெண்கள் இடைவெளி விட்டு இறங்கினார்கள். பெயரைச் சொல்லிக் கேட்டதும் கேஷ்வினியின் அம்மா பிரேமலா அப்படியே நின்றுவிட்டாள்.

"டீச்சரா? என் புள்ளைக்கு என்னாச்சு?"

"ஒன்னும் ஆகலக்கா. மூனு வாரமா கிளாஸுக்கு வரலையே, அதான்."

பிரேமலா பையைக் கீழே வைத்தாள். பயம் போனதும் கோபம் வந்தது. "நாங்க வரமாட்டோம்னா சொன்னோம்? பாஸ்வேர்ட் தப்பா அடிச்சுட்டா டீச்சர். நாலஞ்சு வாட்டி அடிச்சா போல. லாக் ஆயிருச்சு. அன்னிலேர்ந்து உள்ளயே போவல."

"எனக்கு ஒரு போன் பண்ணிருந்தா நான் மாத்திக் குடுத்திருப்பேனே."

"எந்த நம்பருக்கு டீச்சர் பண்றது? ஃபேக்டரில போனை லாக்கர்ல வெச்சுருவாங்க. ஒரு மணிக்கு சாப்பாட்டு பிரேக். ஓடிப் போயி எடுத்து ஸ்கூலுக்கு அடிக்கறதுக்குள்ள ஒன்னு அஞ்சு, ஒன்னு பத்து ஆயிரும். ரிங்கு போயிட்டே இருக்கும். லீவு நாள்ல காலையிலயே அடிச்சேன், அப்பவும் யாரும் எடுக்கல லா. இவரு கன்டேனர் லோரி ஓட்டிட்டு பட்டர்வொர்த்துல இருக்காரு. நான் யார்ட்ட போயி கேக்கறது?"

"ஈமெயில் ஒன்னு போட்டிருக்குமே, கிளாஸ் பக்கத்துல."

"அந்தப் பக்கத்துக்குள்ள போனாத்தானே டீச்சர் அதப் பாக்க முடியும்?"

அந்தக் கட்டத்தைத் தேன்மொழி ஆறு மாதமாகத் தினமும் பார்க்கிறாள். உள்ளே நுழைய முடியாதவர்கள் உதவி கேட்கவேண்டிய முகவரி உள்ளே இருக்கிறது என்பது இந்த நிமிடம் வரை அவள் மண்டையில் ஏறவே இல்லை. வெட்கமாக இருந்தது. அங்கேயே மோட்டார் இருக்கையில் கைப்பேசியை வைத்துக் கடவுச்சொல்லை மாற்றினாள். இரண்டு நிமிடமாயிற்று. மூன்று வாரப் பாடம் போனது இதற்காகத்தான்.

"இது என் நம்பர்கா. ராத்திரி எட்டுலேர்ந்து ஒன்பது வரைக்கும் எடுப்பேன். பேச முடியலன்னா வாய்ஸ் அனுப்புங்க."

"மத்தவங்களுக்கும் குடுக்கலாமா டீச்சர்? இங்க நெறைய புள்ளைங்க இப்பிடித்தான் உக்காந்திருக்கு."

தேன்மொழி சிவப்பு வரியை நினைத்துக்கொண்டாள். "குடுங்க" என்றாள்.

அடுத்த நாள் அவளே ஒரு படி மேலே போனாள். கொட்டை எழுத்தில் எட்டுத் தாள் அச்செடுத்தாள். பள்ளியின் பெயர், மூன்றாம் ஆண்டு மல்லிகை, வகுப்புக்குள் நுழைய முடியாதவர்கள் அழைக்கவும், கீழே தன் எண், நேரம். நான்கு கட்டடத்து மின்தூக்கிகளிலும் ஒட்டினாள். மின்தூக்கிச் சுவரில் வேறு இடமில்லை. இரண்டு மணி நேரத்தில் கடன், உத்தரவாதம் தேவையில்லை என்ற ஸ்டிக்கர்கள் சுவர் முழுக்க ஒட்டியிருந்தன. அவற்றுக்கு நடுவே ஒட்டினாள். வகுப்பில் பாதிப் பேர் மேலே போகும்போதும் கீழே வரும்போதும் அந்தச் சுவரைத்தானே பார்க்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டாள்.

அன்று இரவு எட்டு மணிக்கு ஆரம்பித்த போன், பிறகு எட்டு மணிக்காகக் காத்திருக்கவில்லை. கடவுச்சொல் மறந்தவர்கள், கேமராவை மட்டும் திறந்துவிட்டு வாயைத் திறக்கத் தெரியாதவர்கள், ஒரே கைப்பேசியில் மூன்று பிள்ளைகளை வைத்திருப்பவர்கள். நான்காம் ஆண்டு, ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளின் பெற்றோரும் அழைத்தார்கள். ஒருவர், "அக்கா, ரெண்டாயிரம் வெள்ளி லோன் கெடைக்குமா?" என்று கேட்டார். அவருக்கும் பொறுமையாகத் தன் வேலையைச் சொன்னாள். சுகுமாறன் லைன் கிடைக்காமல் மறுநாள் காலை கூப்பிட்டு, "நீ டீச்சரா, இல்ல டெலிகோம் ஆபீஸா?" என்று சண்டை போட்டான்.

ஒவ்வொரு அழைப்பையும் ஒரு பயிற்சி நோட்டில் எழுதி வைத்தாள். பிள்ளை பெயர், இப்போதைய எண், தாய்க்கு எந்த ஷிப்ட், தகப்பனுக்கு எந்த ஷிப்ட், எத்தனை மணிக்கு அடித்தால் எடுப்பார்கள், எடுக்காவிட்டால் எந்தப் பக்கத்து வீடு. 'இரவு ஷிப்ட் வாரம் காலை எட்டுக்கு முன் அடிக்கவும், அப்புறம் தூங்கிவிடுவார்' என்று ஒரு பெயருக்கு நேரே. 'அப்பாவிடம் சொல்ல வேண்டாம், அம்மாவிடம் மட்டும்' என்று இன்னொன்றுக்கு நேரே. பள்ளிப் பதிவேட்டில் இல்லாத விவரங்களோடு வகுப்பின் முப்பத்தொரு குடும்பங்களும் அந்த நோட்டில் இருந்தன. ஆகஸ்ட் நடுவில் திரையில் இருபத்தேழு வட்டங்கள் வந்தன. கேஷ்வினி முதல் ஆளாக வந்து உட்கார்ந்துவிடுவாள்.

துணைத் தலைமையாசிரியை சுகந்தினி அழைத்தது அப்போதுதான். மூன்று தலைமுறையாக அரசாங்க உத்தியோகம் பார்த்த குடும்பம் அவருடையது. எழுத்தில் இல்லாதது நடக்கவே இல்லை என்பது அவர் கட்சி.

"தேன்மொழி, எனக்கு ஒரு போட்டோ வந்திருக்கு. லிஃப்ட்ல, வட்டிக்குக் குடுக்கிறவன் நம்பர் பக்கத்துல நம்ம ஸ்கூல் பேர். இது நீங்க ஒட்டினதா?"

"ஆமா டீச்சர். உள்ள போக முடியாதவங்களுக்கு உள்ள நம்பர் போட்டா எப்பிடி டீச்சர் தெரியும்?"

"ரூல்ஸ் ஏன் போட்டோம் தெரியுமா? போன வருஷம் ஒரு டீச்சருக்கு யார் யாரோ அசிங்க அசிங்கமா மெசேஜ் அனுப்பி, அவங்க நம்பரையே மாத்திட்டாங்க. உங்களுக்காகத்தான் சொல்றேன். எடுத்துருங்க."

அதிலும் நியாயம் இருந்தது; அதனால் தேன்மொழியால் எதிர்த்துப் பேச முடியவில்லை. "அப்ப ஸ்கூல்லேர்ந்து ஒரு சிம் கார்டு வாங்கிக் குடுத்தா, நாங்க முறை வெச்சு எடுக்கலாமே டீச்சர். சாயங்காலத்துல."

"அதுக்கு மேலேர்ந்து கடிதம் வரணும். உங்க ரிப்போர்ட் நான்தான் எழுதணும், செப்டம்பர்ல. ஞாபகம் வெச்சுக்கங்க."

மிரட்டலாகத்தான் சொன்னாரா, நல்லது நினைத்துச் சொன்னாரா என்று தேன்மொழி வெகுநேரம் யோசித்தாள். மறுநாள் போய் எட்டுத் தாளையும் கிழித்துவிட்டு வந்தாள். ஆனால் எண் ஏற்கெனவே எல்லோர் கையிலும் இருந்தது. அழைப்புகள் நிற்கவில்லை. அவளும் எடுப்பதை நிறுத்தவில்லை.

பிரேமலா வாரம் இரண்டு முறையாவது பேசுவாள். ஒருநாள் கேஷ்வினியின் கணக்குப் பயிற்சியைப் பற்றிப் பேசிவிட்டு, "அடுத்த வருஷமும் நீங்கதானே டீச்சர்?" என்று கேட்டாள்.

"தெரியலக்கா. நான் கான்ட்ராக்ட். செப்டம்பரோட முடியுது. பெரியவங்க நல்லபடியா எழுதுனா நீட்டுவாங்க."

"அட, எங்க ஃபேக்டரி மாதிரியேதான்." பிரேமலாவுக்குச் சட்டென்று விஷயம் பிடிபட்டுவிட்டது. அவள் நிற்கும் உற்பத்தி லைனில் பாதிப் பேர் ஒப்பந்தம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மேலாளர் சுற்றி வருவார். லைனில் நிற்பவர்கள் அவர் காதில் விழும்படி, இந்தப் பிள்ளை நல்லா வேலை செய்யும், இவள் இல்லாவிட்டால் லைன் ஓடாது என்று சத்தமாகச் சொல்வார்கள். யாரும் சொல்லிக்கொடுக்காத வழக்கம். சொன்னால் நீட்டுவார்கள், வாயை மூடிக்கொண்டு நின்றால் வேலை அட்டையைத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள். அப்படிச் சத்தமாகச் சொல்லி பிரேமலா இதுவரை மூன்று பேரைக் காப்பாற்றியிருந்தாள்.

செப்டம்பர் இரண்டாம் வாரம், சாப்பாட்டு இடைவேளையில், பெற்றோர் ஆசிரியர் சங்க வாட்ஸ்அப் குழுவுக்கு அவள் குரலில் ஒரு செய்தி வந்தது. குழுவில் இருநூறு பேருக்கு மேல் இருந்தார்கள். சங்கத் தலைவர், தலைமையாசிரியர், துணைத் தலைமையாசிரியர், கல்வி இலாகாவில் ஓர் அதிகாரிகூட இருந்தார்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் மூனாம் ஆண்டு மல்லிகை கேஷ்வினி அம்மா பேசறேன். ஹெட்மாஸ்டர் சார் கேக்கணும்னுதான் பேசறேன். ஸ்கூல் ஆபீஸுக்கு ஒரு வருஷமா அடிச்சிருக்கோம் சார், ஒரு நாள்கூட யாரும் எடுத்ததில்ல. தேன்மொழி டீச்சர் ஒருத்தவங்கதான் அவங்க சொந்த நம்பரக் குடுத்து, நாங்க வேல முடிஞ்சு வந்தப்புறம் போன எடுத்து, புள்ளைங்கள உள்ள கொண்டாந்தாங்க. அவங்க இல்லன்னா இந்த கிளாஸ் ஓடாது சார். அவங்க கான்ட்ராக்ட நீங்க கண்டிப்பா நீட்டணும். நன்றி."

தேன்மொழி அதை இரண்டரை மணிக்குக் கேட்டாள். 'சொந்த நம்பரக் குடுத்து' என்ற இடத்தை மட்டும் திரும்பப் போட்டுக் கேட்டாள். அதற்குள் கீழே எண்பத்து நான்கு செய்திகள் வந்துவிட்டிருந்தன. 'உண்மை, நானும் அடித்தேன், எடுக்கவில்லை.' 'எங்கள் வகுப்பு டீச்சர் நம்பரும் வேண்டும்.' 'ஐந்தாம் ஆண்டு டீச்சர் ஏன் தரவில்லை?' கைகூப்பிய படங்கள், பூங்கொத்துகள். யாரோ ஒரு தகப்பன், அலுவலகத் தொலைபேசி மணி அடித்து ஓய்வதை ஒலிப்பதிவு செய்து போட்டிருந்தார். நாலு மணிக்குச் சுகந்தினி குழுவைப் பூட்டினார். நிர்வாகிகளைத் தவிர வேறு யாரும் எழுத முடியாது.

மாலை பிரேமலா தனியாக ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். "சொல்லிட்டேன் டீச்சர். எல்லாரும் சப்போர்ட் பண்ணாங்க, பாத்தீங்களா? கவலப்படாதீங்க."

பாவம் அந்த மனுஷி. தேன்மொழி ஒரு கைகூப்பிய படத்தை அனுப்பிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டாள்.

நான்கு நாள் கழித்துப் பள்ளிக்குக் கூப்பிட்டார்கள். காவலாளி வெப்பம் பார்த்து, பெயர் எழுதி வாங்கிக்கொண்டு விட்டார். திடலில் புல் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. அறையில் தலைமையாசிரியர் தேவானந்தனும் சுகந்தினியும் மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். தேவானந்தன் யாரையும் கடிந்து பேசாதவர். ஓய்வுபெற எட்டு மாதம் இருந்தது. அந்த எட்டு மாதத்தையும் சத்தமில்லாமல் கடத்திவிட வேண்டும் என்பதுதான் அவருடைய கவலை.

"உக்காருங்கம்மா. சாப்டீங்களா? மேலேர்ந்து விளக்கம் கேட்டிருக்காங்க. ஆபீஸ் போன் ஏன் எடுக்கல, டீச்சர் ஏன் சொந்த நம்பர் குடுத்தாங்க, ரெண்டுத்துக்கும்."

"மொதல் கேள்விக்கு என்ன சார் எழுதப் போறீங்க?"

"கட்டுப்பாட்டு ஆணைப்படி ஆபீஸ்ல ஆள் குறைவு. அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்." தேவானந்தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரெண்டாவதுக்குத்தான் நீங்க எழுதிக் குடுக்கணும். நீங்க தப்பு பண்ணீங்கன்னு நான் சொல்லல. ஆனா எழுத்துல வந்துருச்சு. எழுத்துல வந்தா நானும் எழுத்துல பதில் சொல்லணும்."

"ஒன்பது புள்ளைங்க வந்த கிளாஸ்ல இருபத்தேழு பேர் வந்தாங்க சார். அதையும் எழுத்துல போடலாமா?"

"அது வருகைப் பதிவுல இருக்கு" என்றார் சுகந்தினி. "அது வேற ஃபைல்."

"ஆமாமா, அந்தப் பர்சன்டேஜ போன மீட்டிங்ல நானே வாசிச்சேன்" என்றார் தேவானந்தன். "நல்ல பேர் கெடைச்சது ஸ்கூலுக்கு."

கடிதம் ஏற்கெனவே தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. விதியை அறிந்தே சொந்த எண்ணைப் பொது இடத்தில் ஒட்டினேன், இனி இவ்வாறு நடக்காது. கீழே அவள் பெயர். இனி நடக்க வேண்டுமானால் முதலில் வேலை இருக்க வேண்டுமே என்று அவளுக்குத் தோன்றியது. கேட்கவில்லை. எதிர்த்து நின்றால் அடுத்த ஆண்டு வேறு பள்ளியிலாவது கிடைக்கக்கூடியதும் போய்விடும் என்ற பயம் வாயைக் கட்டிப்போட்டது. தன்மேலேயே எரிச்சலோடு கையெழுத்துப் போட்டாள்.

"இன்னொன்னு" என்றார் சுகந்தினி. "நீங்க ஒரு நோட்டு வெச்சிருக்கிறதா சொன்னாங்க. எல்லா வீட்டு நம்பரும் இருக்காம். பெற்றோர் விவரத்த அப்டேட் பண்ணி அனுப்பணும்னு சுற்றறிக்கை வந்திருக்கு. குடுத்துட்டுப் போங்க."

"அது நான் சொந்தமா எழுதுனது டீச்சர்."

"மாணவர் விவரம் ஸ்கூலுக்குச் சொந்தம் தேன்மொழி. உங்க கையில இருந்தாத்தான் பிரச்சினை."

கைப்பையிலிருந்து நோட்டை எடுத்து மேசையில் வைத்தாள். 'அப்பாவிடம் சொல்ல வேண்டாம்' என்று எழுதியிருந்த வரி ஞாபகம் வந்தது. மறுபடி எடுத்து, பேனா வாங்கி, அந்த ஒரு வரியை மட்டும் எழுத்தே தெரியாதபடி அடித்துவிட்டுக் கொடுத்தாள். செப்டம்பர் இருபத்தெட்டாம் தேதி மின்னஞ்சலில் ஒரு படிவம் வந்தது. பரிந்துரைக்கப்படவில்லை என்ற கட்டத்தில் சரிக்குறி இருந்தது. காரணம் எழுதும் இடம் காலியாக இருந்தது.

"என்னாச்சு?" என்று கேட்ட சுகுமாறனிடம், "முடிஞ்சுருச்சு" என்றாள். "கையெழுத்து ஏன் போட்ட?" என்றான் அவன். போனை வைத்த பிறகு அழுதாள்.

அக்டோபர் ஐந்தாம் தேதி, செவ்வாய்க்கிழமை, பள்ளி எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. அர்ச்சுனன் பேசினார். குரலே சங்கடப்பட்டது.

"டீச்சர், ஒரு ஹெல்ப். அடுத்த வாரம் போயி அதுக்கடுத்த வாரம் ஸ்கூல் தொறக்கறோம். அ பிரிவு ஒரு வாரம், ஆ பிரிவு மறு வாரம். எல்லா வீட்டுக்கும் சொல்லி, வருவாங்களா மாட்டாங்களான்னு கேட்டு இன்னிக்குள்ள லிஸ்ட் குடுக்கணுமாம். உங்க நோட்டு இருக்கு. காலையிலேர்ந்து அடிக்கறேன், யாரும் எடுக்க மாட்டேங்கறாங்க. ஆபீஸ் நம்பர்னா ஸ்கேமர்னு நெனைச்சுக் கட் பண்ணிடறாங்க. மத்த கிளாஸ்ல எல்லாம் டீச்சருங்க எப்பிடியோ முடிச்சுட்டாங்க. மல்லிகைக்குப் புது டீச்சர் இன்னும் வரல. நீங்க அடிச்சா எடுப்பாங்க."

"நான் இப்ப அங்க வேல செய்யலையே அர்ச்சுனன்."

"தெரியும் டீச்சர்." அர்ச்சுனன் குரலைத் தாழ்த்தினார். "சுகந்தினி டீச்சர்தான் உங்கள்ட்ட கேட்டுப் பாக்கச் சொன்னாங்க. லிஸ்ட்டுல பேர் இல்லாத புள்ளைக்கு மேசை போட மாட்டோம்னு சொல்றாங்க."

கேட்டுப் பாக்கச் சொன்னாங்களாம். தேன்மொழிக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். முப்பத்தொரு மேசைகள் கண்ணில் வந்து நின்றன. "பிரிவு லிஸ்ட்ட அனுப்புங்க" என்றாள்.

நோட்டு தேவைப்படவில்லை. யாருக்கு எத்தனை மணிக்கு அடிக்கவேண்டும் என்பது மனப்பாடம். இரவு ஷிப்ட்காரர்களை நான்கு மணிக்கு, அவர்கள் எழுந்ததும் பிடித்தாள். லாரி ஓட்டும் ஒரு தகப்பனை எண்ணெய் நிலையத்தில் பிடித்தாள். எல்லோரும் எடுத்தார்கள். சிலர், டீச்சர் கொஞ்ச நாளாகக் கிளாஸில் காணோமே, உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்கள். இல்லை என்று மட்டும் சொன்னாள். பிரேமலா அந்த வாரம் பகல் ஷிப்ட். நாலே காலுக்குத் தேநீர் இடைவேளை. இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"சொல்லுங்க டீச்சர்."

"அக்கா, கேஷ்வினி ஆ பிரிவு. அ பிரிவு போன அடுத்த வாரம் திங்கட்கிழமை. வருவாளா?"

"கண்டிப்பா வருவா. யூனிஃபார்ம்தான் சின்னதாப் போச்சு."

"டி-சர்ட் போட்டு அனுப்பலாம்க்கா. மாஸ்க் ரெண்டு குடுத்து விடுங்க."

"சரி டீச்சர்." பின்னால் கேன்டீன் இரைச்சல் கேட்டது. "ஒன்னு கேக்கணும்னே இருந்தேன். அன்னிக்கு குரூப்புல பேசுனேனே, ஹெட்மாஸ்டர் கேட்டாரா?"

"கேட்டாருக்கா."

"கான்ட்ராக்ட் நீட்டிட்டாங்களா?"

உன்னால்தான் போயிற்று என்று ஒரு கணம் நாக்கு நுனிவரை வந்தது. அந்தப் பெண்மீது அவளுக்குக் கோபம் வந்தது அன்றுதான், அதுவும் அவ்வளவுதான். சொன்னால் பிரேமலா இனி யாருக்காகவும் லைனில் நின்று வாய் திறக்க மாட்டாள்.

"அப்புறம் பேசுவோம்க்கா. இன்னும் பன்னெண்டு பேருக்கு அடிக்கணும்."

"சரி சரி, பாருங்க. நல்லா சொன்னா நீட்டுவாங்க டீச்சர். நேத்துகூட எங்க லைன்ல ஒரு புள்ளைக்கு நீட்டுனாங்க."

ஆறு மணிக்கு முப்பத்தொரு பெயருக்கு நேரேயும் குறி போட்டு முடித்தாள். இருபத்தொன்பது பேர் வருகிறார்கள். இரண்டு பேர் சிகாமட்டில் பாட்டி வீட்டிலிருந்து மாதக் கடைசியில் வருகிறார்கள். தாளைப் படமெடுத்து அர்ச்சுனனுக்கு அனுப்பினாள். அவர் அதை ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அந்தக் குழுவில் அவள் இன்னும் இருக்கிறாள் என்பதை அப்போதுதான் கவனித்தாள். 'மூன்றாம் ஆண்டு மல்லிகை முழுமை' என்று படத்துக்குக் கீழே எழுதியிருந்தது.

'சிறப்பு அர்ச்சுனன். ஒரே நாளில் அனைத்துப் பெற்றோரையும் தொடர்புகொண்டதற்கு நன்றி' என்று சுகந்தினி எழுதினார். தேவானந்தன் கட்டைவிரல் படம் போட்டார். ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டைவிரல்கள் வந்து விழுந்தன. அவள் பார்த்துக்கொண்டிருந்தபோதே அவற்றுக்குக் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன வரி வந்தது.

'சுகந்தினி உங்களை நீக்கினார்.'